கரும்புக்கு நடுவே ஒரு கதவு

உலகத்தில் எது கெட்டுப்போவதாக இருந்தாலும், முதலில் ஆரணிக்கு வந்து, எங்கள் தெருவில் நுழைந்து, பேஜார் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கெடும். செல்போன் டவர், கேபிள் டிவி, குழாய்த் தண்ணீர், மிக்ஸி ஜார், மனிதர்களின் புத்தி, எதுவானாலும் சரி. மற்றவர்கள் பல் தேய்த்துவிட்டுக் காபிக்கு உட்காரும் நேரத்தில் அவர் இரண்டு புகார்களை முடித்து மூன்றாவதற்கு வந்திருப்பார்.

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆதார் கார்டில் இருக்கும், நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் முதலில் "ஒரே பேஜாரு" என்றுதான் வரும் என்பதால் ஊரே அவரைப் பேஜார் என்றது. அவர் மனைவி சரோஜா அக்கா ரொம்ப நாள் எதிர்த்துப் பார்த்தார். கடைசியில் அவரும், வாசலில் யாராவது வந்து "பேஜாரு கீறாராம்மா?" என்று கேட்டால், "தோ, துன்னுகினு கீறாரு" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

தொழில், விசைத்தறி மெக்கானிக். நல்ல கைராசி. அவர் தொட்டால் ஓடாத தறியும் ஓடும். தறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டே அன்றைய புகாரை ஆரம்பிப்பார். சுற்றியுள்ள தறிகளின் சத்தத்தில் ஒரு சொல் காதில் விழாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் மட்டும், "எங்க வுட்டேன்?" என்று கேட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

அவருடைய புகார்கள் பெரிய விஷயங்களைப் பற்றியவை அல்ல. விலைவாசி, அரசியல் பக்கமெல்லாம் போகமாட்டார். "அதெல்லாம் பெரிய மனுஷங்க பேஜாரு" என்று ஒதுக்கிவிடுவார். பிஸ்கட் பாக்கெட்டில் 'இங்கே கிழிக்கவும்' என்று போட்ட இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் கிழிகிறதே, அது ஏன்? ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எதற்கு? யாருக்காவது போன் போட்டால், மணி அடிப்பதற்கு முன் ஒரு அம்மா வந்து ஏமாறாதீர்கள், ஜாக்கிரதை என்று பாடம் எடுக்கிறாரே, அவரை யார் கூப்பிட்டது? மாமா அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லுவார். "செரிம்மா, ஜாக்கிரதையாத்தான் கீறேன், லைன குடு."

பதிவு செய்த குரல் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் பேசுவார். ஒரு தடவை இன்டர்நெட் வரவில்லை என்று புகார் சொல்ல எங்கள் வீட்டிலிருந்து போன் போட்டார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது குரல்.

"முக்கியம்ன்றியே, எட்த்து பேசேம்மா!" என்றார் மாமா.

குரல் அதையே திரும்பச் சொன்னது. மாமா ஸ்பீக்கரைப் போட்டு, போனை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாஷ்டாவை ஆரம்பித்தார். குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. இட்லி முடிந்து கை கழுவி வந்தவர், என் அம்மாவைப் பார்த்து, "பாவம் தங்கச்சி. காலைலருந்து இதையே சொல்லிகினு கீது. இந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் தண்ணிகூட குடுக்கமாட்டானுங்க போல" என்றார்.

பார்க்கிற எல்லாவற்றுக்கும் அவர் நட்சத்திரம் போடுகிற விவகாரம் எப்போது தொடங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன். கேஸ் சிலிண்டர் வந்து இறங்கிய ஒரு நாள், 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று அவர் போனுக்குச் செய்தி வந்தது. மனிதர் உருகிப்போனார். "பொறந்ததுலருந்து நம்மள எவனாவது அபிப்ராயம் கேட்டானா பாப்பா? மொத மொதல்ல இவன் கேக்கறான் பாரு!" என்றார் என்னிடம். அன்றிலிருந்து யாரும் கேட்காமலேயே கொடுக்க ஆரம்பித்தார். டீக்கடையில், "டீக்கு மூணு ஸ்டாரு. கிளாஸ் கழுவினதுக்கு ஒண்ணு." மச்சான் வீட்டு விருந்தில் கைகழுவிய ஈரத்தோடு, "சாம்பாருக்கு நாலு. உபசரணைக்கு ரெண்டு." அந்த மச்சான் அதற்குப் பிறகு தீபாவளிக்குக்கூட வரவில்லை. என் அம்மாவின் காபிக்கு நாலு கொடுத்தார். ஐந்து மட்டும் யாருக்கும் கிடையாது. "அஞ்சு குடுத்துட்டா அப்புறம் முன்னேறமாட்டாங்க" என்பது அவர் கொள்கை.

இப்படியே போயிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. எல்லாவற்றையும் பாழாக்கியது ஒரு கொசு பேட்.

எங்கள் தெருவில் விசைத்தறி பாதி, கைத்தறி பாதி. சரோஜா அக்காவும் என் அம்மாவும் கைத்தறிப் பட்டு நெய்கிறவர்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, பிசிறு நீக்கி, காய்ந்ததும் சுருட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பாவு என்று பெயர். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை. தெருவில் பாவு கட்டியிருந்தால் ஒருத்தரும் வண்டியோடு உள்ளே வரமாட்டார்கள். கலெக்டரே வந்தாலும் முனையில் இறங்கி ஓரமாக நடந்துதான் வரவேண்டும். இது ஆரணியில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும்.

செல்போன் மேப்புக்குத் தெரியாது. ஒரு நாள் காலை சரோஜா அக்காவின் பாவு தெருவில் காய்ந்துகொண்டிருந்தபோது, வெளியூர் டெலிவரிப் பையன் ஒருவன் போனைப் பார்த்தபடியே பைக்கில் வந்தான். போன் 'நேராகச் செல்லவும்' என்றது. அவனும் நேராகச் சென்றான். பாதிப் பாவு அறுந்து ஹேண்டில்பாரில் சுற்றிக்கொண்டது. தெருவே கூடிவிட்டது. மாமா அவன் சட்டையைப் பிடித்து, "யார் ஊட்டுக்குடா வந்த? சொல்லு, அவன ஒரு வழி பண்றேன்!" என்று கத்தினார். பையன் பார்சலைக் காட்டினான். மாமா பெயர்தான் போட்டிருந்தது. உள்ளே அவர் ஆர்டர் செய்த கொசு பேட்.

அந்த வாரம் முழுக்க சரோஜா அக்கா அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிச்சுப் போட்டார். வாயைத் திறக்கவில்லை. வீட்டில் புகார் கேட்க ஆளில்லாமல் மாமா தவித்துப்போனார். கொசு பேட்டும் வேலை செய்யவில்லை. எத்தனை நட்சத்திரம் என்று செய்தி வந்தபோது, சைபர் போட இடமில்லையே என்று அங்கலாய்த்தார்.

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மேப்பில் ஒரு சாலை அடைத்திருந்தால், அதை நாமே தெரிவிக்கலாமாம். 'சாலை மூடப்பட்டுள்ளது' என்று அமுக்கினால் போதும். மாமா தெருவில் இருந்த அத்தனை பேர் போனையும் வாங்கி, எங்கே அமுக்குவது என்று சொல்லிக்கொடுத்தார். மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் ஒரு புதுப் பழக்கம். பாவு கட்டுவார்கள், கஞ்சி தெளிப்பார்கள், கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து 'மூடப்பட்டுள்ளது' என்று அமுக்குவார்கள். பாவு இல்லாத வீட்டுக்காரர்களும் ஒற்றுமைக்காக அமுக்கினார்கள். என் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு சாமி கும்பிடும் பக்தியோடு அமுக்குவார்.

பாவைச் சுருட்டிய பிறகு 'திறந்துவிட்டது' என்று அமுக்க வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுருட்டினால் தெரு திறந்துவிட்டது என்றுதானே அர்த்தம், இதைப் போய் யாருக்குச் சொல்வார்கள்?

மேப்பும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. ஒரு நாள் எங்கள் தெருவையே எடுத்துவிட்டது.

முதலில் கொண்டாட்டமாக இருந்தது. டெலிவரி பைக் இல்லை, லோன் வேண்டுமா என்று வருகிறவர்கள் இல்லை. மாமா தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். சரோஜா அக்காவும் பேச ஆரம்பித்தார். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் தெருவின் பெயரைப் போட்டுத் தேடினால் மேப் ஊருக்கு வெளியே சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு கரும்புத் தோட்டத்தைக் காட்டுகிறது. நம்பி வந்த டெலிவரிக்காரர்கள் பார்சலை அங்கிருந்த மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார்கள். கழனிக்காரர் ஒரு நாள் கோபமாகத் தேடிக்கொண்டே வந்துவிட்டார்.

"யோவ், உங்க தெருவு சாமான்லாம் என் கழனில கெடக்குது. நான் கரும்புக்குத் தண்ணி பாய்ச்சறதா, உங்க துணிமணிக்குக் காவல் கெடக்கறதா?"

"ஒரே பேஜாருங்க" என்றார் மாமா. அன்று அதில் வழக்கமான வேகம் இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது. படிப்பு முடிந்து, "இன்னா பண்ணிகினு கீற?" என்று கேட்காத உறவினர் இல்லை என்கிற அளவுக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா இல்லை. அம்மாவின் தறியில்தான் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சென்னையில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்துவிட்டார். மாமா அதற்கு மூன்று நட்சத்திரம் போட்டார், ஏலக்காய் கம்மியாம். ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. நான் சொன்ன முகவரியில்தான் இருக்கிறேனா என்று ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. "மேடம், வெரிஃபிகேஷனுக்கு வந்திருக்கேன். உங்க லொக்கேஷன்லதான் நிக்கிறேன். கரும்பு இருக்கு. வீடு இல்ல."

வழி சொல்லி, மாமாவைத் தெருமுனையில் நிறுத்தி, ஒருவழியாக அந்தத் தம்பியை வரவழைத்தோம். வேலூரிலிருந்து வந்தவர். வெயிலில் முகம் கருத்துப்போயிருந்தது. நான் எங்கள் வாசலில் நின்றேன். அவர் போனைத் தூக்கிப் பிடித்தார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"ஆப் போட்டோ எடுக்க மாட்டேங்குது மேடம். நீங்க உங்க வீட்ல இல்லன்னு வருது."

"வீட்லதாங்க நிக்கிறேன்!"

"எனக்குத் தெரியுது மேடம். ஆப்புக்குத் தெரியணுமே."

அம்மா ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காட்டினார். கரண்ட் பில்லைக் காட்டினார். அப்பாவின் மாலை போட்ட போட்டோவைக்கூடக் காட்டினார். அந்தத் தம்பி எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் போட்டோ ஏறாவிட்டால் 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று அதுவாகவே கம்பெனிக்குப் போய்விடும் என்றார். கம்பெனிக்குப் போன் போட்டேன். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் கூடவே அழுகையும் வரும். நடு வாசலில் நின்று அழுதேன். "எல்லாம் உங்களாலதான் மாமா! தெருவத் தொலைச்சிட்டீங்க, என் வேலையயும் தொலைச்சிட்டீங்க!" என்று கத்தினேன். அம்மா, "பெரியவங்கள அப்டி பேசாதடி" என்றார். ஆனால் அம்மாவும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா பேஜார் என்றுகூடச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. தலையைச் சொறிந்துகொண்டே அந்தத் தம்பியிடம் கேட்டார்.

"தம்பி, போட்டோல இன்னா இன்னா வரணும்?"

"மேடம் வரணும், வீட்டுக் கதவு வரணும், கதவுல நம்பர் வரணும்."

"எந்த எடத்துல எடுக்கணும்?"

"அந்தக் கரும்புத் தோட்டத்துல சார்."

"பின்னாடி கரும்பு வந்தா?"

அந்தத் தம்பி யோசித்தார். "பின்னாடி என்ன இருக்குன்னு ஆப் கேக்கறதில்ல சார்."

"அப்ப ஜல்தியா கெளம்பு. நீ போய் கரும்பாண்ட நில்லு. வர்றோம்" என்றார் மாமா. ஸ்பானரும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசற்கதவில் கைவைத்தார்.

அம்மா குறுக்கே விழுந்தார். "ண்ணா! வெள்ளிக்கெழம அதுவுமா கதவ கழட்டறதா? மகாலச்சுமி வர்ற நாளு. என் உயிரு போனாலும் வுடமாட்டேன்."

"மகாலச்சுமிக்கு மட்டும் வழி தெரியுதா பாரு" என்று முணுமுணுத்தார் மாமா. "செரி தங்கச்சி, உங்கூட்டு கதவு வோணாம்."

விடுவிடுவென்று தன் வீட்டுக்குப் போனார். சரோஜா அக்கா உள்ளே தறியில் இருந்தார். பத்து நிமிஷத்தில் கதவு கீலோடு வெளியே வந்தது. தறிக்கு அடித்த பச்சை எனாமல் பெயிண்ட் மிச்சமிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கதவில் எங்கள் வீட்டு எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதினார். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதினார்.

வெளிச்சம் தெரிந்து எட்டிப் பார்த்த சரோஜா அக்கா, "யோவ், கதவு எங்கய்யா?" என்றார்.

"கரும்புக்குப் போவுது. வந்து சொல்றேன்."

"ஊட்ட யாருய்யா பாத்துக்கறது?"

"வெள்ளிக்கெழமதான? மகாலச்சுமி வரட்டும்!"

குட்டி யானை லோடு வண்டி ஒன்றைப் பிடித்து, கதவைப் படுக்கவைத்து, அதன் மேல் என்னை உட்காரவைத்தார். பெயிண்ட் படாமல் ஓரமாக உட்கார்ந்து, ஆரணி கடைத்தெரு முழுக்க எல்லோரும் பார்க்க, அழுத கண்ணோடு கதவு மேல் போனேன். யாரோ, "இன்னா பேஜாரு, பொண்ணோட கதவையும் சீரு குடுக்கறியா?" என்று கேட்டார்கள். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரும்புத் தோட்டத்தில் கழனிக்காரர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். இதுவரை பார்சல்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது கதவோடு வீடே வருகிறது என்று நினைத்துவிட்டார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இந்தப் பொண்ணோட வேலைண்ணே. அஞ்சு நிமிஷம்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கழனிக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கதவுக்கு ஒரு பக்கம் கைகொடுத்தார்.

வரப்பில் கதவை நிறுத்தினார்கள். சாய்த்து வைக்க ஒன்றுமில்லை. மாமா கதவுக்குப் பின்னால் போய், கரும்புக்குள் நின்றுகொண்டு பிடித்துக்கொண்டார். நான் முன்னால் நின்றேன். அந்தத் தம்பி போனைத் தூக்கினார்.

"மேடம், கொஞ்சம் சிரிங்க. சொந்த வீடுதானே?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து, "ஜல்தி எடுப்பா, எறும்பு கடிக்குது, ஒரே பேஜாரு!" என்று குரல் வந்தது. போன் பச்சையாக ஒளிர்ந்தது. முகவரி உறுதி செய்யப்பட்டது. அந்தப் போட்டோ எங்கள் கம்பெனியில் இன்றும் இருக்கும். உற்றுப் பார்த்தால் கதவின் ஓரத்தில் கிரீஸ் படிந்த நாலு விரல் தெரியும்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் கத்தியதற்கு மன்னிப்பு கேட்க வெட்கமாக இருந்தது. "மாமா, உங்களுக்கு அஞ்சு ஸ்டார்" என்றேன்.

கழுத்தில் எறும்பு கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "நாலு போடு, போதும். கதவு கொஞ்சம் சாஞ்சிகினு இருந்துச்சு" என்றார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். தெருவில் எல்லோரும் காலையில் 'மூடப்பட்டுள்ளது' என்றும், பாவு சுருட்டியதும் 'திறந்துவிட்டது' என்றும் அமுக்கி அமுக்கி, தெருவை மேப்பில் மீட்டுவிட்டார்கள். மாமா வீட்டுக் கதவு அன்று மாலையே நிலையில் ஏறிவிட்டது. அதில் எழுதிய எண்ணை மட்டும் அவர் அழிக்கவில்லை. அம்மாவுக்கு நான் இங்கிருந்து எதை அனுப்பினாலும் டெலிவரிக்காரர்கள் எண்ணைப் பார்த்து அவர் கதவைத்தான் தட்டுகிறார்கள். அவர் வாங்கிக்கொண்டு, புலம்பிக்கொண்டே அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அம்மா காபி போடுவார். ஒரு மணி நேரம் உலகத்தைத் திட்டிவிட்டு, போகும்போது, "கால் வலி எப்டி கீது தங்கச்சி? தெனமும் நடக்கறியா?" என்று விசாரிப்பாராம்.

போன வாரம் போனில் கேட்டேன். "மாமா, அந்த நம்பர அழிச்சிட்டா உங்களுக்கு இந்த அலைச்சல் இல்லையே?"

"எனாமல் பாப்பா, லேசுல போவாது. பெயிண்டருக்குப் போன் போட்டா அந்தம்மா வந்து ஜாக்கிரதைன்றா. ஒரே பேஜாரு."

அம்மா தனியாக இருக்கிற வீடு அது. தைலம், சீப்பு, டீ வடிகட்டி என்று தேவை இருக்கிறதோ இல்லையோ, வாரத்துக்கு ஒன்று ஆர்டர் போட்டுவிடுகிறேன். பார்சல் வேறு வீட்டில் இறங்கியிருக்கிறது, முகவரியைத் திருத்தவா என்று ஒவ்வொரு தடவையும் போன் கேட்கிறது, வேண்டாம் என்று அமுக்குகிறேன்.